தோலும் கத்தியும் – 17: ஊசிக்குத் திறந்து மூடும் கதவு

சென்ற பகுதியில் 1973-இல் நின்றோம். நுண்ணோக்கியின் கீழ் மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தைத்து, தொடை இடுக்குத் தோலைக் காலுக்குக் கொண்டுபோய் உயிரோடு நிலைக்க வைக்கலாம் என்று மெல்போர்ன் மருத்துவர்கள் காட்டிய ஆண்டு அது. ஷாங்காயிலும் அதே காலத்தில் அதே வேலை நடந்தது. தோல் குறைகளைச் சரிசெய்யும் கலையின் எதிர்காலம் முழுவதும் இனி அந்த நுண்ணோக்கிக்குள்தான் என்று நம்ப அன்றைய சர்ஜன்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1976-இல், வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செடோமிர் ராடோவான் நுண்ணோக்கி தேவைப்படாத ஒரு முறையோடு வந்தார். கையில் குத்தியிருந்த பச்சையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பக்கத்துத் தோலாலேயே மூடினார். அந்தப் பக்கத்துத் தோல் முன்பு அவ்வளவு இருக்கவில்லை. அதன் அடியில் ஒரு சிலிக்கோன் பையை வைத்து, இடைவெளி விட்டு விட்டு ஊசியால் உப்பு நீர் ஏற்றி, வேண்டிய அளவுக்கு அவர் அதை வளர்த்தெடுத்திருந்தார். 16-ஆம் நூற்றாண்டில் தாலியாகோஸி மூக்குச் செய்யத் தோல் எடுத்தது கையிலிருந்துதான் என்பதை இத்தொடரின் தொடக்கத்தில் பார்த்தோம். நூற்றாண்டுகளாகக் கொடுத்தே பழகிய கை, இங்கே தனக்கான தோலைத் தானே விளைவித்துக்கொண்டது. அறுவை அரங்கில் இன்று ‘டிஷ்யூ எக்ஸ்பாண்டர்’ என்று அழைக்கப்படும் பை பரவலான புழக்கத்துக்கு வந்த கதை இங்கிருந்து தொடங்குகிறது. இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாகப் பையைத்தான் கண்டுபிடிப்பு என்கிறார்கள். ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்புமுனை, அந்தப் பையோடு இணைந்திருந்த சிறு வால்வில் இருக்கிறது என்பதே என் வாதம். அது முதலில் கையில் சோதிக்கப்பட்டதும் தற்செயலான ஒரு விவரமாக எனக்குப் படவில்லை.

இழுத்தால் தோல் வளரும் என்பது யாரும் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியாக இருந்ததே இல்லை. கர்ப்பிணியின் வயிற்றைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அதை அறிந்து, திட்டமிட்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்தும் வந்தார்கள். பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சுத் திரியோ ஓலைச் சுருளோ வைத்து அகலப்படுத்தி, பிறகு ஈயக் குனுக்குகளைத் தொங்கவிட்டு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் காது வளர்த்தார்கள். பாம்படமும் தண்டட்டியும் தாங்கித் தோளைத் தொடும் அளவுக்கு வடிந்த காதுகளை வயதான பெண்களிடம் அண்மைக் காலம் வரை காண முடிந்தது. இதில் மருத்துவ வரலாற்றுக்கு வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. எடையை அவசரப்பட்டுக் கூட்டினால் காது அறுந்துவிடும். பொறுத்துக் கூட்டினால் நீளும். விசை எவ்வளவு என்பதைவிட அது எத்தனை நாளில் பரவுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மருத்துவர்களும் இதை வேறு வழிகளில் தொட்டிருந்தார்கள். இத்தாலியின் போலோன்யாவில் அலெஸ்ஸாண்ட்ரோ கோதிவில்லா 1905-இல் தொடை எலும்பை இழுத்து நீட்டியபோது, எலும்போடு சதையும் நரம்பும் தோலும் நீள வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில் இப்போலித் மொரெஸ்தென் பெரிய வடுக்களை ஒரே மூச்சில் எடுக்காமல், ஒரு பகுதியை வெட்டித் தைத்து, தோல் தளர்வதற்குச் சில மாதம் விட்டு, மறுபடி வெட்டித் தைத்தார். பிரிட்டிஷ் சர்ஜன் கில்லீஸ் அவரிடம் போய்ப் பார்த்து வியந்ததை முன்பே சொல்லியிருக்கிறேன். ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிவுக்குக் குறைவில்லை. தோலுக்கு அடியில், உடம்புக்கு உள்ளேயே, வாரக்கணக்கில் ஆபத்தில்லாமல் ஓர் அழுத்தத்தை வைத்திருந்து, அதை விரும்பியபடி கூட்டவும் குறைக்கவும் ஒரு கருவி இல்லை என்பதுதான் குறை.

சார்லஸ் நியூமன் 1957-இல் அதற்கு மிக அருகில் வந்தார். அமெரிக்க மருத்துவரான அவரிடம் வந்தவர் விபத்தில் காதின் பெரும்பகுதியை இழந்தவர். புதுக் காதுக்கு ஒரு சட்டகம் வைக்கலாம். அதைப் போர்த்தத் தோல் வேண்டுமே. நியூமன் காதை ஒட்டிய தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனைப் பதித்தார். அதிலிருந்து ஒரு குழாயைத் தோலைத் துளைத்து வெளியே கொண்டுவந்தார். அதன் வழியாகக் காற்றை ஏற்றி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் போதுமான தோலைப் பெற்றார். துறையின் முதன்மை இதழிலேயே கட்டுரையும் வந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் யாரும் அந்த வழியில் போகவில்லை. காலத்துக்கு முந்திய மேதை, புரிந்துகொள்ளாத சமகாலத்தவர்கள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. சமகாலத்தவர்கள் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு அதில் கடினமான கருத்து ஒன்றுமே இல்லை. தோலுக்கு அடியில் ஒரு வேற்றுப் பொருள், அதிலிருந்து தோலைத் துளைத்து வெளியே நீளும் ஒரு குழாய், அந்தத் துளை மாதக்கணக்கில் ஆறாமல் திறந்தே இருக்க வேண்டிய கட்டாயம்: இவ்வளவையும் படித்த எந்த சர்ஜனுக்கும் முதலில் மனதில் எழுவது கிருமி பற்றிய கவலைதான். குழாயைச் சுற்றியுள்ள தோல் அதோடு ஒட்டி மூடிக்கொள்வதில்லை. அந்த இடுக்கு வழியாகக் கிருமிகள் உள்ளே இறங்கும். பலூன் சீழ் கட்டினால் வளர்த்த தோலும் சேர்ந்து போகும். நியூமனின் நோயாளி தப்பினார் என்பது உண்மை. ஒரே ஒருவர் தப்பியதை வைத்து, அடுத்த நோயாளியின் காதைப் பணயம் வைக்கப் பொறுப்புள்ள மருத்துவர்கள் தயங்கினார்கள் என்றால், அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் மாறியது என்ன என்று தேடினால், தோல் பற்றிய கருத்தில் பெரிய மாற்றம் எதையும் காண முடியவில்லை. மாறியவை பொருளும் பட்டறையும். உடம்பு பெரிதாக எதிர்க்காத சிலிக்கோன் மருத்துவத்துக்குள் நுழைந்திருந்தது. 1962-இல் ஹூஸ்டனில் முதல் சிலிக்கோன் மார்பகப் பை வைக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் ஹேயர்-ஷுல்டே என்ற நிறுவனம், மூளையில் நீர் கோக்கும் குழந்தைகளுக்கு அந்த நீரை வடிக்கத் தோலுக்கு அடியிலேயே பதிக்கும் நுண் வால்வுகளைச் செய்துவந்தது. வெளியே எதுவும் தெரியாமல், உள்ளேயே திரவத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாட வேலை. ராடோவான் அந்த நிறுவனத்தின் ரூடி ஷுல்டேயோடு சேர்ந்துதான் தன் பையை உருவாக்கினார். மூளைநீர் வடிக்கும் கைத்திறன் தோல் வளர்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். அவர்கள் செய்த பையில் வெளியே நீளும் குழாய் இல்லை. பையோடு சேர்த்து, பொத்தான் போன்ற ஒரு வால்வும் தோலுக்கு அடியில் புதைக்கப்பட்டது. ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியைப் போல, குத்தினால் வழிவிட்டு, ஊசியை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். தையல் போட்டுக் காயம் ஆறியதும் நோயாளியின் தோலில் திறந்த வாசல் எதுவும் மிஞ்சாது. நியூமனின் நோயாளி குழாயைச் சுமந்துகொண்டு இரண்டு மாதம் இருக்க வேண்டியிருந்தது. ராடோவானின் நோயாளி வீட்டுக்குப் போய்க் குளித்து, வேலைக்குச் சென்று, குறித்த நாளில் திரும்பி வரலாம். இந்த முறைக்கு வேண்டிய முக்கிய மூலப்பொருள் காலம். அந்தக் காலத்தை ஆபத்தில்லாததாக ஆக்கியது வால்வு.

அந்தக் குறித்த நாளில் நடப்பதைச் சற்று அருகில் பார்க்க வேண்டும்; முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பை வைத்து இரண்டு வாரம் போல் கழித்து, தையல் நன்றாக ஆறிய பிறகு, முதல் ஏற்றம். தோலைச் சுத்தம் செய்து, விரலால் தடவி வால்வின் விளிம்பைக் கண்டுபிடிப்பார்கள். நடுவில் மெல்லிய ஊசியைச் செங்குத்தாக இறக்குவார்கள். வால்வின் அடியில் கெட்டியான ஒரு தகடு இருக்கும். ஊசி அதில் முட்டி நிற்பது கைக்குத் தெரியும். அது இல்லையென்றால் ஊசி கடந்துபோய்ப் பையையே குத்திவிடும். பிறகு உப்பு நீரை மெதுவாக ஏற்றுவார்கள். பொதுவாக ஒரு முறைக்குப் பையின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அளவைக் கடைசியில் முடிவு செய்வது தோல்தான். மேலே விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால், அல்லது நோயாளி வலிக்கிறது என்றால், ஊசியைப் பிடுங்காமல் அப்படியே வைத்துச் சில மில்லிலிட்டரைத் திரும்ப உறிஞ்சிவிடுவார்கள். காது வளர்த்த பாட்டிமாரால் குனுக்கைக் கூட்டத்தான் முடிந்தது. அறுந்துபோகும் நிலைக்குத் தோல் வந்துவிட்டதைப் பாதி வழியில் அளந்து பார்த்துத் திருப்பிக்கொள்ள இப்படி ஒரு வசதி அவர்களுக்கு இல்லை. இப்படியே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை போகும். போதிய தோல் வந்ததும் இரண்டாவது அறுவையில் பையை எடுத்துவிட்டு, குறையுள்ள பகுதியை வெட்டி நீக்கி, வளர்ந்த தோலை அதன் மேல் நகர்த்தித் தைப்பார்கள்.

முதல் சோதனைக்குக் கை ஏன் பொருத்தமான இடம்? அதிலும் ஏன் பச்சை? மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லும் முறைக்கு, மூன்று மாதம் காத்திருக்கக் கூடிய ஒரு குறை வேண்டும். விபத்தில் தோல் உரிந்து எலும்பு தெரியும் கைக்கு இது உதவாது. அதை அன்றே மூடியாக வேண்டும். பச்சை அப்படிப்பட்டதல்ல. புண் இல்லை, சீழ் இல்லை, அவசரம் இல்லை. பை கசிந்தாலோ தோலைக் கிழித்து வெளியே வந்தாலோகூட அதை எடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி முயலலாம். பச்சை அதுவரை தன் இடத்திலேயே இருக்கும். நியூமன் எடுத்துக்கொண்ட காது இதற்கு நேர் எதிர்: தோல் கிடைத்தாலும் அதற்கடியில் சட்டகம் நிற்க வேண்டும், வடிவம் வர வேண்டும், பின்னால் மடிப்பு வர வேண்டும். தோல் வளர்ந்ததா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை தேட அது மிகச் சிக்கலான இடம். மேற்கையின் வெளிப்புறத்தில் பைக்கு அடியில் தசையும் எலும்பும் உறுதியான தரையாக இருப்பதால், அழுத்தம் உள்ளே புதைந்துபோகாமல் தோலின் பக்கம் திரும்புகிறது. நோயாளியே தினமும் தன் கையைப் பார்க்கலாம். நிறம் மாறினால் அவருக்கே தெரியும். தளர்வான சட்டைக் கைக்குள் அந்தப் புடைப்பை மறைத்துக்கொண்டு வெளியே போய் வரலாம். பச்சையை எடுக்க லேசர் பரவலாக வந்த பின் அந்த முதல் தேவை பெரும்பாலும் மறைந்துவிட்டது. முறையோ தீக்காய வடுக்களுக்கும், பிறவியிலேயே கையின் பெரும்பகுதியை மூடிய முடி அடர்ந்த மச்சங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பச்சைக்கு இருந்த அதே குணம் இவற்றுக்கும் உண்டு: காத்திருக்கும். ராடோவானின் முதல் தேர்வு சரியாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கையின் வடிவமே ஒரு கணக்கைக் கேட்கிறது. 8 சென்டிமீட்டர் அகல அடி கொண்ட ஒரு பை அரைவட்டமாக உப்பினால், அதன் மேல் வளைந்து போகும் தோலின் அகலம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். பையை எடுத்த பின் அதன் பழைய இடத்தை மூட 8 சென்டிமீட்டர் வேண்டும். நகர்த்தக் கிடைப்பது மீதி 4.5. வடுவின் இரு பக்கமும் ஒவ்வொரு பை வைத்தால் 9 சென்டிமீட்டர் வடுவை மூடலாம் என்று தோன்றும். தோல் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பையை எடுத்ததும் அது ஓரளவு சுருங்கும். கூடாரம் போல் எழுந்த தோல் முழுவதும் தட்டையாகப் பரவாது. நெதர்லாந்தின் வான் ராப்பார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் இதை அளந்து எழுதினார்கள். வடிவியல் கணக்கு சொல்லும் கூடுதல் பரப்பில், வட்டப் பைகள் உண்மையில் தந்தது 25 சதவீதம், பிறை வடிவப் பைகள் 32 சதவீதம், செவ்வகப் பைகள் 38 சதவீதம். குறையின் பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடிப்பரப்புள்ள பையைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இந்த அனுபவத்தில் பிறந்தது. கை உருளையாக இருப்பதால், தோலைக் கையின் நீளவாக்கில் இழுப்பதைவிடச் சுற்றுவாக்கில் நகர்த்துவது எளிது. வடு கையைச் சுற்றிப் பாதிக்கு மேல் போய்விட்டால் பையை வைக்க நல்ல தோலே மிஞ்சாது. மேற்கையின் உட்புறம் முக்கிய இரத்தக் குழாயும் நரம்புகளும் தோலுக்கு மிக அருகில் ஓடும் இடம். பின்புறம் எலும்பைச் சுற்றி இறங்கும் நரம்பை அழுத்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகலாம். பையை எங்கே வைப்பது என்ற முடிவு இந்த முறையில் பாதி வெற்றி என்றே சொல்வேன்.

இங்கே ஒரு பலமான ஆட்சேபணை எழுகிறது. இது உண்மையில் புதுத் தோலா, இருந்ததை இழுத்து நீட்டியதா? நீட்டியது என்றால் நாளை அது பழைய நிலைக்குச் சுருங்கும்; மெலிந்து போயிருக்கும்; சர்ஜன் தோலைத் தந்ததாக நினைத்துக் கடன் வாங்கியிருப்பார். 1976-இல் பாஸ்டனில் நடந்த அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் மாநாட்டில் ராடோவான் தன் முடிவுகளைச் சொன்னபோது கேட்டவர்கள் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. மிச்சிகனில் எரிக் ஆஸ்டாடும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய 1986 கட்டுரையின் தலைப்பே ‘லாபப் பங்கா, கடனா’ என்றுதான் கேட்கிறது. கினிப்பன்றிகளின் தோலுக்கு அடியில் பை வைத்து உப்பவைத்தபோது, மேல்தோல் செல்கள் பிரியும் வேகம் கூடியது. விரிந்த தோலின் அடித்தோல் மெலிகிறது, அடியில் உள்ள கொழுப்பும் மெலிகிறது என்பதை அதே குழுவின் முந்தைய ஆய்வுகளே மறைக்காமல் சொல்லியிருந்தன. மேல்தோல் மட்டும் மெலியவில்லை, சற்றுத் தடித்தே இருந்தது. வெறும் இழுப்பு என்றால் எல்லா அடுக்கும் ஒன்றாக மெலிந்திருக்க வேண்டும். 1983-இல் செர்ரி, ஆஸ்டாட் முதலியோர் பன்றிகளில் செய்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. பை வைத்து வளர்த்த தோலிலிருந்து எடுத்த மடல் (ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியபடியே தூக்கும் தோல் துண்டு), சாதாரணத் தோலிலிருந்து எடுத்த மடலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான நீளத்துக்கு உயிரோடு நின்றது. பையைச் சுற்றி உடம்பு கட்டும் மெல்லிய உறை இரத்தக் குழாய்கள் நிறைந்தது என்பதும் அப்போது தெரிய வந்தது. இழுத்து நைந்த தோலாக இருந்திருந்தால் விளைவு தலைகீழாக இருந்திருக்கும்.

செல்களின் கணக்கை முழுமையாகப் பார்க்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரஸ்ஸல்ஸில் செட்ரிக் பிளான்பேனின் ஆய்வகமும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் சேர்ந்து, எலிகளின் தோலுக்கு அடியில் தானே உப்பும் ஜெல்லை வைத்து, மேல்தோலின் அடியில் உள்ள மூலச்செல்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார்கள். சாதாரண நாளில் மூலச்செல் பிரியும்போது, சராசரியில் ஒன்று மூலச்செல்லாகவே தங்கும், மற்றொன்று முதிர்ந்து உதிரும் பக்கம் போகும். அதனால் மூலச்செல்களின் எண்ணிக்கை நிலையாக நிற்கும். இழுப்பு வந்ததும் இந்தச் சமநிலை சாய்கிறது: மூலச்செல்களாகவே தங்குபவற்றின் பங்கு கூடி, உற்பத்தியிடமே விரிகிறது. இதைத்தான் வடிகாதுக்காரர்களும் ராடோவானும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். செல்லுக்குள் நடப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கடனா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: மேல்தோலைப் பொறுத்தவரை கிடைப்பது வளர்ச்சியே. அடித்தோலையும் கொழுப்பையும் பொறுத்தவரை ஒரு விலை உண்டு. கொழுப்பு மெலிவது பல நேரம் நிரந்தரம். முடி வேர்களும் புதிதாக முளைப்பதில்லை, இருப்பவை இடைவெளி விட்டுப் பரவுகின்றன. கையைப் பொறுத்தவரை இந்த விலை தாங்கக் கூடியது. நிறம் பொருந்துகிறது, உணர்ச்சி பெரும்பாலும் நிற்கிறது, வேறெங்கிருந்தும் தோல் எடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஒரு மெல்லிய தோல் ஒட்டு போதாதா, இரண்டு அறுவையும் மூன்று மாதமும் எதற்கு என்று கேட்பவர்களை நான் தள்ளிவிடமாட்டேன். ஒட்டு ஒரே நாளில் முடிகிறது, செலவு குறைவு, மாவட்ட மருத்துவமனையிலும் செய்யலாம். முழங்கை மடிப்பு சுருங்கி நிமிராமல் நிற்கும் தொழிலாளிக்கு அதை விடுவித்து ஒட்டுப் போட்டு விரைவில் வேலைக்கு அனுப்புவதே சரி என்று நானும் நினைக்கிறேன். மெல்லிய ஒட்டு பின்னால் சுருங்கும், நிறம் மாறித் திட்டாக நிற்கும், அடியில் மெத்தை இல்லாததால் இடித்தால் வலிக்கும். தோல் எடுத்த தொடையிலும் ஒரு தழும்பு மிஞ்சும். இவை முக்கியமா இல்லையா என்பதை அந்தக் கையை உடையவர்தான் சொல்ல வேண்டும். முன்கை வடுவோடு அரைக்கைச் சட்டை போடாமல் பள்ளி முடித்த பெண்ணுக்கு நிறம் பொருந்துவது அழகு சார்ந்த சிறு விஷயம் என்று வேறு யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. இதைவிடக் கடுமையான ஆட்சேபணை சிக்கல்களைப் பற்றியது. பென்சில்வேனியாவில் எர்னஸ்ட் மாண்டர்ஸும் அவர் குழுவினரும் 1984-இலேயே இந்த முறையின் சிக்கல்களை வெளிப்படையாகத் தொகுத்து எழுதினார்கள்: சீழ், பை வெளியே வருதல், கசிவு, தோல் கருகுதல். தலையோடும் மார்போடும் ஒப்பிட்டால் கை கால்களில் இவை கூடுதல் என்பது பின்வந்த பலரின் அனுபவம். காலில் மிக அதிகம், கையில் அதைவிடக் குறைவு. இந்தச் சிக்கல்களில் பலவும், பாதி உப்பிய நிலையிலேயே பையை எடுத்து, கிடைத்த அளவு தோலை நகர்த்தி ஓரளவு காப்பாற்றிக்கொள்ளக் கூடியவை. தோற்கும்போதும் கொஞ்சம் தந்துவிட்டுப் போகும் முறைகள் அறுவை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

வால்வு பற்றிய என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக் கூடிய மிக நல்ல சான்று 1987-இல் வந்தது. இயன் ஜாக்சனும் உடன் பணியாற்றியவர்களும் வால்வைத் தோலுக்கு வெளியிலேயே வைத்துப் பைகளை உப்பவைத்து, அது செய்யத்தக்கதே என்று எழுதினார்கள். இன்றும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சிலர் இப்படிச் செய்கிறார்கள். வாரா வாரம் குழந்தையின் கையில் குத்த வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். அப்படியென்றால் நியூமனின் குழாயில் தவறே இல்லையே, புதைத்த வால்வு எதற்கு? கிருமி பயம் மட்டுமே என் வாதமாக இருந்திருந்தால் நான் இங்கே தோற்றிருப்பேன். வெளியே வைத்த அந்தக் குழாயின் நுனியிலும் அதே வால்வுதான் இருக்கிறது. உள்ளே போனதைத் திரும்ப விடாமல் தடுத்து, ஏற்றிய ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்கு வைத்து, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கவும் இடம் தருவது அதுதான். அதோடு அந்தத் துணிச்சல் எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். புதைத்த வால்வோடு பல நோயாளிகள் நலமாக வீடு திரும்பிய பிறகு, எவ்வளவு மெதுவாக ஏற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் கைப்பழக்கம் வந்த பிறகு, தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்து அது. 1957-இல் அந்த அனுபவம் யாரிடமும் இல்லை.

வால்வே வேண்டாம் என்று முயன்றவர்களும் உண்டு. அவர்களில் முதல்வர் அதே ஆஸ்டாட்தான். அவரும் கிரிகரி ரோஸும் 1982-இல், உள்ளே அடர் உப்புக் கரைசல் வைத்த ஒரு சிலிக்கோன் பையைப் பற்றி எழுதினார்கள். உடம்பின் நீர் பைச்சுவர் வழியாகத் தானே ஊறி உள்ளே போகும், பை தானே உப்பும். ஊசி இல்லை, வாராந்திர வருகை இல்லை. பை கிழிந்தால் அந்த அடர் உப்பு சுற்றியுள்ள தசையைக் கெடுக்கும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, தொடங்கியதை நிறுத்த முடியாது என்பது. ஜெர்மனியில் கார்ல் கியோர்க் வீஸே 1990-களில் உருவாக்கிய, நீரை உறிஞ்சி உப்பும் ஜெல் பைகள் முதல் குறையைத் தீர்த்தன. இரண்டாவது அப்படியே இருக்கிறது. அதனால்தான் அவை கண் இல்லாமல் பிறந்த குழந்தையின் கண்குழி, பல் ஈறு போன்ற சிறிய, அளவு முன்பே தெரிந்த இடங்களில் நிலைத்தன. கையில் நிலைமை வேறு. தீக்காய வடுவை ஒட்டிய தோலில் எந்தப் பகுதி இளகும், எந்தப் பகுதி முரண்டு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு வாரம் 40 மில்லிலிட்டர் தாங்கிய தோல் அடுத்த வாரம் 20-க்கே வெளுக்கும். ஊசியைப் பிடித்திருப்பவர் அந்த வெளுப்பைப் பார்த்துப் பத்து மில்லிலிட்டரைத் திரும்ப எடுத்துவிட்டு, நோயாளியை இன்னும் ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுகிறார்.